பேரேட்டில் ஏறாத பெயர்

நெசவாளர் தெருவில் ஒருவர் மறைந்தால் அச்செய்தியை முதலில் அறிவிப்பவை தறிகளே. ஒரு வீட்டில் தறி நின்றதும் அண்டை வீட்டார் செவி சாய்த்துக் கேட்பர். காரணம் தெரிந்ததும் அவர்களும் தறியை விட்டு எழுவர். சிறிது நேரத்தில் தெரு முழுவதும் ஓசை அடங்கிவிடும். சென்னிமலையை அடுத்த எங்கள் சிற்றூரில், 2023-ஆம் ஆண்டு தை மாதத்துக் காலை ஒன்றில், வழக்கமாக ஆறு மணிக்குத் தொடங்கும் தறிகள் தொடங்கவேயில்லை. என் தந்தையாரைப் பெற்றவர், நாங்கள் ‘அப்பத்தா’ என்று அழைத்து வந்த மூதாட்டியார், தமது 85-ஆம் வயதில் இயற்கை எய்தினார்.

நிறைந்த வயது, நோயில் நெடுநாள் கிடந்து துன்புறவும் இல்லை. ஆகவே ‘கல்யாணச் சாவு’ என்று உற்றார் ஆறுதல் கூறினர். அவ்வாறு கூறுவது நம் வழக்கம். ஆனால், காலையில் எழுந்ததும் இராட்டையின் மெல்லிய முனகலைக் கேட்டே பழகிய செவிக்கு அந்த ஆறுதல் போதவில்லை.

காரியங்கள் முடிந்தபின், அவருடைய கணக்கை முடிக்கும் பொருட்டு அவரது பாஸ்புத்தகத்தை எடுத்துக்கொண்டு சங்கத்துக்குச் சென்றேன். எழுத்தர் பழைய பேரேட்டைப் புரட்டி, அப்பத்தா அங்கத்தினராகச் சேர்ந்த ஆண்டு 1994 என்று காட்டினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் மணமகளாகத் தறி வீட்டினுள் அடிவைத்த ஆண்டு 1956. இடைப்பட்ட 38 ஆண்டுகளில் அவர் உழைத்த உழைப்பு எந்த ஏட்டில் இருக்கிறது? அதைத் தேட முற்பட்டதன் விளைவே இக்கட்டுரை.

பிறந்த வீடும் புகுந்த வீடும்

அப்பத்தா பிறந்த வீடு உழவையும் நெசவையும் ஒருங்கே நடத்திய வீடு. கிணற்றில் கவலை கட்டி இறைத்துக் கம்போடியாப் பருத்தி பயிரிட்டனர். விடிந்ததும் காட்டுக்குப் போனாலும், பனி காய்ந்த பின்னரே பஞ்சில் கை வைக்க வேண்டும் என்பது அவருடைய தாயார் விதித்த சட்டமாம். ஈரத்தோடு எடுத்த பஞ்சு அம்பாரத்தில் புழுங்கி நிறம் கெடும். சருகு கலந்த பஞ்சு நூலில் முடிச்சும் முண்டுமாக வெளிப்படும். “காட்டிலே செஞ்ச தப்பு தறியிலே வந்துதான் நிற்கும், கண்ணு” என்று அவர் பிற்காலத்தில் எங்களுக்குச் சொல்வதுண்டு. பருத்தி விளைவிப்போரும் நெய்வோரும் ஒரே இழையின் இரு முனைகள் என்பதை அவர் கூட்டங்களில் கேட்டு அறியவில்லை. பத்து வயதுக்குள் இரண்டு வேலையையும் செய்து அறிந்திருந்தார்.

பிறந்த வீட்டைப் பற்றிய நினைவுகளுள் ஒன்றை அவர் அடிக்கடி எடுத்துரைப்பார். மாலையில் ஒவ்வொரு பெண்ணும் எடுத்த பஞ்சைத் தனித்தனியே நிறுப்பார்கள், நிறைக்கேற்பக் கூலி. வீட்டுப் பெண்ணாகிய அவர் எடுத்த பஞ்சையும் அவருடைய தகப்பனார் தராசில் இடுவாராம். அதற்குரிய காசு அவர் கையில் வந்து விழுமாம். “எங்கய்யன் தராசுக்கு மகள்னும் தெரியாது, கூலியாள்னும் தெரியாது” என்று கூறிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பின் உட்பொருள் எனக்குப் புலப்படப் பல ஆண்டுகள் சென்றன.

1956-ஆம் ஆண்டு அவர் எங்கள் ஊருக்கு வந்தபோது கைத்தறிக்குச் சற்று நம்பிக்கை பிறந்திருந்த காலம். ஆலைத் துணியின்மீது கூடுதல் தீர்வை விதித்து, அத்தொகையைக் கதருக்கும் கைத்தறிக்கும் செலவிட வழிசெய்த சட்டம் 1953-இல் நிறைவேறியிருந்தது. நூலைச் சங்கமே தரும், துணியைச் சங்கமே ஏற்கும் என்னும் நிலை வந்ததால், நூல் வியாபாரியிடம் கடன்பட்டுக் கிடந்த குடும்பங்கள் பல தலைதூக்கின. என் பாட்டனார் பங்குத் தொகை செலுத்தி அங்கத்தினரானார். சங்கத்தின் பேரேட்டில் அவர் பெயரும் தறியின் எண்ணும் ஏறின. கூலி அவர் பெயரில் எழுதப்பட்டது. ஒரு தறிக்கு ஓர் அங்கத்தினர் என்பது அக்காலத்து நடைமுறை. அதில் குறையிருப்பதாக எவரும் கருதவில்லை, அப்பத்தாவும் கருதவில்லை.

ஒரு போர்வைக்கு ஆறாயிரம் கெஜம்

எங்கள் வீட்டில் நெய்தது பருத்திப் போர்வை. நெய்வதற்கு ஒருவர் தறியில் அமர்ந்தால், அவரை அமர வைப்பதற்கு வீட்டில் பிறிதொருவர் இடையறாது உழைக்க வேண்டும். சிட்டமாக வரும் நூலைத் தார்க்குச்சியில் சுற்றித் தந்தால்தான் நாடா ஓடும். இந்த வேலையின் அளவு எவ்வளவு என்பதை நம்முள் பலரும் எண்ணிப் பார்த்ததில்லை. அன்பர்கள் பொறுமையுடன் என்னோடு ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டுகிறேன்.

60 அங்குல அகலமும் 90 அங்குல நீளமும் உடைய போர்வை ஒன்று. அங்குலத்துக்கு 40 ஊடை இழை என்று கொள்வோம். அப்படியானால் நாடா 3,600 முறை குறுக்கே ஓட வேண்டும். ஒவ்வொரு முறையும் 60 அங்குல நூல் செலவாகும். ஆக 2,16,000 அங்குலம்; அதாவது 6,000 கெஜம். ஒரு சிட்டம் 840 கெஜம் ஆதலின், ஏழு சிட்டங்களுக்குச் சற்று மேல். நாள் ஒன்றுக்கு இரண்டு போர்வை இறங்கினால் 12,000 கெஜம்; இன்றைய அளவில் ஏறக்குறைய 11 கிலோமீட்டர். ஆண்டுக்கு 250 நாள் தறி ஓடினால் 2,700 கிலோமீட்டருக்கு மேல். கன்னியாகுமரியில் ஒரு முனையைக் கட்டி நேரே வடக்கு நோக்கி இழுத்தால், இமயமலையின் அடிவாரத்தைத் தாண்டிவிடும் நீளம் இது. பாவு நூலை இக்கணக்கில் நான் சேர்க்கவேயில்லை.

இவ்வளவு நூலும் ஒரு பெண்மணியின் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே ஓடிச் சென்றது. அவ்விரு விரல்களின் நுனியிலும் ஒரு மெல்லிய பள்ளம் விழுந்திருந்தது. நூல் மெலிந்த இடத்தையும் தடித்த இடத்தையும் கண்ணால் பாராமலே அவ்விரல்கள் கண்டுகொள்ளும். அறுந்தால் ஒட்டுவார், முடிச்சு மிகச் சிறியதாக இருக்கும். இத்தனையும் சமையலுக்கும், மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதற்கும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதற்கும் இடையில் நிகழ்ந்தவை.

பாவு மாற்றும் நாளில் அவருடைய பணி இன்னும் நுணுக்கமானது. தீர்ந்த பாவின் இழை ஒவ்வொன்றோடும் புதிய பாவின் இழையைச் சேர்த்து விரலால் முறுக்கிப் பிணைக்க வேண்டும். இழை வழுக்காதிருக்க விரலில் சாம்பலைத் தொட்டுக்கொள்வர். அப்பத்தா சென்னிமலை முருகன் சந்நிதியிலிருந்து கொண்டு வந்த திருநீற்றில் ஒரு சிட்டிகையைச் சாம்பலோடு கலந்து வைத்திருப்பார். ஆயிரத்துக்கு மேற்பட்ட இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைத்து முடிக்கும்வரை பேச மாட்டார். நாங்களும் அருகில் சென்று தொந்தரவு செய்ய மாட்டோம்.

துணிக்குக் கூலி கணக்கிடும்போது இவ்வேலைகள் யாவும் அந்தக் கூலிக்குள் அடங்கியவையாகவே கொள்ளப்பட்டன. துணியை முழத்தாலும் எடையாலும் அளந்தோம். தாரை அளக்கவில்லை. பிறந்த வீட்டில் தராசு ஏறிய அவருடைய உழைப்பு, புகுந்த வீட்டில் எந்த அளவையிலும் ஏறவில்லை.

பாவு தோய்க்கும் காலை

தெருவில் பாவு தோய்த்த காலம் இளைஞர்களுக்குத் தெரிந்திராது. விடியுமுன் தெருவின் நீளத்துக்குப் பாவை விரித்துக் கட்டுவர். அரிசிக் கஞ்சியில் சிறிது தேங்காயெண்ணெய் விட்டு, இழைகளின்மீது சீராகத் தடவி, நார்த் தூரிகையால் நீவி, இளவெயிலில் உலர்த்துவர். கஞ்சி குறைந்தால் இழை பிசிறும். மிகுந்தால் விறைத்து ஒடியும். அந்தப் பக்குவத்தை எங்கள் தெருவார் அப்பத்தாவிடமே கேட்பர். அவர் ஒரு துளியை விரலிடையே எடுத்துப் பிரித்துப் பார்த்து, “இன்னொரு கொதி விடோணும்” என்றோ, “போதும், இறக்கு” என்றோ சொல்வார்.

ஒரு நாள் காலை, ஒருவர் வீட்டுப் பாவு தெருவில் ஈரத்தோடு நின்றபோது திடீரென மேகம் திரண்டது. அந்த வீட்டாரோடு எங்கள் வீட்டாருக்கு அப்போது பேச்சு வார்த்தை கிடையாது. வாய்க்கால் தண்ணீர் பற்றிய பழைய மனத்தாங்கல். அப்பத்தா அடுப்பில் இருந்த சோற்றை அப்படியே விட்டு ஓடினார். அவரைக் கண்டு பிறரும் ஓடினர். முதல் தூறல் விழுமுன் பாவு உள்ளே சென்றுவிட்டது. எங்கள் வீட்டுச் சோறு அடிப்பிடித்துப் போயிற்று. பாட்டனார் கடிந்துகொண்டபோது, “சோறு இன்னொரு உலை வெச்சா வரும். பாவு போனா அவங்க ஒரு மாசம் பட்டினி கிடப்பாங்க” என்றார். அன்று மாலை அந்த வீட்டு அம்மையார் ஒரு படி கேழ்வரகு மாவோடு எங்கள் வாயிலில் வந்து நின்றார். வாய்க்கால் வழக்கு அதன்பின் பேச்சில் எழவில்லை.

நான் எழுதிய பிழை

இனிக் கூறுவது என்னைப் பற்றிய செய்தி. கூறாமல் விடுவது நேர்மையாகாது.

1988-ஆம் ஆண்டு முதல் பாட்டனாருக்குக் கண்ணொளி மங்கத் தொடங்கியது. அறுந்த இழை அவருக்குத் தெரியவில்லை. என் தந்தையார் அதற்கு முன்பே நூற்பாலை வேலைக்குச் சென்றுவிட்டார். ஆகவே அப்பத்தா தறியில் அமர்ந்தார். தார் சுற்றும் பணி என் தாயாருக்கு வந்தது. பாட்டனார் துணியைச் சுமந்து சென்று சங்கத்தில் ஒப்படைப்பார். கூலி வழக்கம்போல் அவர் பெயரில் எழுதப்படும். இதை மறைத்தார்கள் என்று சொல்ல முடியாது. எவரும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

1990-இல் நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தேன். குடும்பத்தினர் ஒவ்வொருவரின் தொழிலையும் எழுதி வருமாறு ஆசிரியர் பணித்தார். திண்ணையில் அமர்ந்து எழுதினேன். உள்ளே தறி ஓடிக்கொண்டிருந்தது. அப்பத்தா தறியை நிறுத்தாமலே, “என்ன கண்ணு எழுதறே? படிச்சுக் காட்டு” என்றார். நான் உரக்கப் படித்தேன்: “தாத்தா, நெசவு. அப்பா, ஆலை வேலை. அப்பத்தா, வேலை இல்லை. அம்மா, வேலை இல்லை.”

தறி ஒரு கணம் நின்றதா இல்லையா என்பது எனக்கு இப்போது உறுதியாக நினைவில்லை. “எழுத்து அழகா இருக்குதா?” என்று மட்டும் கேட்டார். இருக்கிறது என்றேன். “அப்படின்னா சரி. அந்தத் தார்க்கூடையை இப்படித் தள்ளு” என்றார்.

கண்ணெதிரே தறியில் அமர்ந்திருந்தவரைப் பார்த்துக்கொண்டே ‘வேலை இல்லை’ என்று எழுதியவன் நான். சிறுவனுக்கு அதைக் கற்பித்தவர் எவருமில்லை. பேரேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே நெசவாளர் என்பது வீட்டுக் காற்றிலேயே கலந்திருந்தது.

துணியின் ஓரம் சொன்ன சாட்சி

1994-இல் பாட்டனார் காலமானார். பதினாறாம் நாள் கழிந்ததும் அப்பத்தா என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு சங்கத்துக்குச் சென்றார். அப்போதிருந்த காரியதரிசி நல்லவர், இரக்கத்தோடுதான் பேசினார். “பங்குத் தொகையை வாங்கிக்கொள்ளுங்கள், அம்மா. தறியை ஒப்படைத்துவிடலாம். நூல் கொடுப்பதானால் நெய்கிறவர் அங்கத்தினராக இருக்க வேண்டும்” என்றார்.

“நெய்யறது நான்தானுங்க. ஆறு வருசமா நான்தான் நெய்யறேன்” என்றார் அப்பத்தா.

காரியதரிசி பதில் கூறாமல், துணியின் தரம் பார்க்கும் பெரியவரை அழைத்தார். அப்பத்தா மடியிலிருந்த பொட்டலத்தைப் பிரித்து, பாட்டனார் மறைந்த அன்று தறியில் அரைகுறையாக நின்று, பிறகு தாம் முடித்த போர்வையை எடுத்து விரித்தார். பெரியவர் நடுப்பகுதியைப் பார்க்கவில்லை. ஓரத்தை மட்டும் விரலால் நீவிக்கொண்டே சென்றார். பின்னர், “இந்த ஓரம் எனக்குத் தெரியும். ஆறு வருஷமாக இதற்குக் குறை எழுத நேர்ந்ததே இல்லை. நான் அவருடைய கை என்றல்லவா நினைத்திருந்தேன்!” என்றார்.

அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் அப்பத்தாவை அங்கத்தினராகச் சேர்க்கத் தீர்மானம் நிறைவேறியது. கைந்நாட்டு வைத்தால் போதும் என்றனர். அவர் இசையவில்லை, மூன்று நாள் தவணை கேட்டார். அந்த மூன்று இரவுகளும் நான் பலகையில் எழுதிக் காட்ட, அவர் தம் பெயரை எழுதிப் பழகினார். நான்காம் நாள் பேரேட்டில் கையெழுத்திட்டார். எழுத்துக்கள் கோணலாகத்தான் இருந்தன. “அழகா இருக்குதா?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

கூட்டுறவு வரலாற்றில் இது புதிய செய்தியன்று. இங்கிலாந்தில் ரோச்டேல் நகரத்து முன்னோடிகள் 1844-இல் தங்கள் சங்கத்தைத் தொடங்கினர் என்பதை நாம் மேடைதோறும் கேட்கிறோம். அவர்களுள்ளும் நெசவாளர் பலர். எலைசா பிரையர்லி என்ற பெண்மணி 1846-இல் அச்சங்கத்தில் தம் பெயரிலேயே அங்கத்தினரானார். அந்நாட்டில் மணமான பெண் சொத்துரிமை பெறுவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே ஒரு கூட்டுறவுச் சங்கம் பெண்ணுக்குப் பங்கும் ஓட்டும் தந்தது. நம் இயக்கத்தின் பிறப்பிலேயே இருந்த இந்த நெறி, எங்கள் தெருவை வந்தடைய நெடுங்காலம் பிடித்தது.

அங்கத்தினரானதும் அப்பத்தா செய்த முதற்காரியம் என்ன? தம் கூலியில் மாதந்தோறும் மிச்சம் பிடித்து, 1996-இல் மருமகளின் பெயரில், அதாவது என் தாயாரின் பெயரில், பங்கு வாங்கினார். “எனக்கு நேர்ந்தது இவளுக்கு நேரக் கூடாது” என்பதைத் தவிர வேறு விளக்கம் தரவில்லை. தம் 73-ஆம் வயதில், 2011-இல், தறியை விட்டு இறங்கினார். நெசவாளர் கூலியில் ஒரு பங்கும் அரசாங்கம் ஒரு பங்கும் சேர்க்கும் சேமிப்புப் பாதுகாப்புத் திட்டத்தில் அவருக்குச் சேர்ந்த தொகை, 17 ஆண்டு உழைப்புக்கு உரியது மட்டுமே. அதற்கு முந்திய 38 ஆண்டுகளுக்கு ஒரு காசும் அவர் பெயரில் சேர்ந்திருக்கவில்லை, சேர வழியுமில்லை. இதைத்தான் பேரேட்டின் முன் நின்றபோது நான் உணர்ந்தேன்.

நாம் செய்யத் தக்கவை

2019-20-ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் நெசவிலும் அதைச் சார்ந்த வேலைகளிலும் ஈடுபட்டிருப்போர் 35 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள். அவர்களுள் நூற்றுக்கு 70-க்கும் மேற்பட்டோர் பெண்கள். விசைத்தறிக்கும் கைத்தறிக்கும் உள்ள போட்டியைப் பற்றி நாம் ஓயாது பேசுகிறோம். 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்க் கைத்தறிக்கென ஒதுக்கப்பட்ட வகைகளுள் போர்வையும் உள்ளது. அச்சட்டம் செம்மையாக நிறைவேற வேண்டும் என்று கோருகிறோம். கோருவது முறையே. ஆயினும், பிறரிடம் நியாயம் கேட்குமுன் நம் ஏடுகளில் நாம் நியாயம் செய்திருக்கிறோமா என்று பார்க்க வேண்டாவா?

தறி ஒன்றில் கணவனும் மனைவியும் உழைப்பாராயின் இருவர் பெயரையும் அங்கத்தினர் பட்டியலில் ஏற்ற நம் சங்கங்கள் முற்பட வேண்டும். தார் சுற்றுதல், பாவு பிணைத்தல் ஆகிய முன்வேலைகளுக்குரிய கூலியைக் கூலிப் புத்தகத்தில் தனி வரியாகக் காட்டலாம். தொகை பெரிதாகக் கூடாவிடினும், உழைத்தவர் யார் என்பது விளங்கும். உழவர் வீடுகளுக்கும் இது பொருந்தும். நிலப் பட்டா ஆடவர் பெயரில் இருப்பதாலேயே, களை எடுப்பவரும் பஞ்சு எடுப்பவரும் விதை காப்பவருமாகிய பெண்கள் கடன் சங்கத்தின் வாயிற்படிக்கு வெளியே நிற்கின்றனர். ஆகஸ்டு 7-ஆம் நாளைத் தேசியக் கைத்தறி நாளாக 2015 முதல் கொண்டாடி வருகிறோம். அன்று மாலை அணிவிக்கத் தக்க மூதாட்டிகள் நம் தெருத்தோறும் இருக்கின்றனர். அவர்கள் செவியில் விழும்போதே அதைச் செய்தல் நலம்.

அப்பத்தா மறைந்த மறுநாள், இறப்பைப் பதிவு செய்யச் சென்றேன். படிவத்தில் இறந்தவரின் தொழில் என்று ஓர் இடம் உண்டு. உடன் வந்திருந்த உறவினர், “வயசானவங்க, வீட்டிலேதான் இருந்தாங்க, ஒண்ணுமில்லைன்னு போடுங்க” என்றார். நான் படிவத்தை என் பக்கம் இழுத்து, ‘நெசவாளர்’ என்று தெளிவாக எழுதினேன். 33 ஆண்டுகளுக்கு முன் திண்ணையில் எழுதிய வரியை அவர் கண்முன்னே திருத்தியிருக்க வேண்டும். அந்தப் பேறு எனக்கு வாய்க்கவில்லை. அன்பர்களுக்கு இன்னும் காலம் இருக்கிறது.

பதினேழாம் நாள் காலை என் தாயார் தறியில் அமர்ந்தார். அப்பத்தா கடைசியாகச் சுற்றி வைத்திருந்த தார்கள் கூடையில் ஒன்பது இருந்தன. முதலில் அவற்றையே நாடாவில் இட்டு நெய்தார். அந்தப் போர்வை சங்கத்துக்குச் சென்றது. என் தாயாரின் பெயரில் வரவு வைக்கப்பட்டது.